உறவுமுறை

அட்மிஷன் சீட்டில் ஏழாவது கட்டம்
உடனிருப்பவர்.
எட்டாவது, உறவுமுறை.
தணிகாசலம் முதன்முதல் வந்தபோது
இரண்டும் காலி.

மூலகொத்தளம் பாலத்தடியிலிருந்து
மீன்பாடி வண்டியில் வந்தார்.
வலது குதிகாலில் புழு.
ஈ ஓட்டக்கூடக் கையைத் தூக்கவில்லை.
கூட வந்த கிருபாவதி,
டயர்க்கடை மாடியில் சபை நடத்துகிறவள்,
என் பேனாவைக் கேட்டாள்.
யாரும்மா நீ இவருக்கு என்றேன்.
தங்கச்சி என்று எழுதினாள்.
அவர் பெயர்கூட அப்போது அவளுக்குத் தெரியாது.

நாற்பத்திரண்டு நாள் டிரெஸ்ஸிங்.
இரண்டு விரல் போனது, கால் தங்கியது.
ஜெபம் என்றாள் அவள்.
இன்சுலின் என்றார் டாக்டர்.
நான் சீல் போட்டேன்.

ஒரு ராத்திரி டியூட்டியில்
கேட்காமலே சொன்னார்:
“இதே ஆஸ்பத்திரி சார், மூணாவது மாடி.
சுலோசனா ஒம்போது நாள் கெடந்தா.
நான் வால்டாக்ஸ் ரோட்ல
அவ கம்மலக் குடிச்சினு இருந்தேன்.
அவ சீட்டுல அந்தக் கட்டத்துல
இன்னா எழுதியிருப்பாங்க?”

பழைய ரெஜிஸ்தரைக் கரையான் தின்றுவிட்டது என்றேன்.
பொய்.
தேட எனக்குத் தைரியமில்லை.

யாரும் எழுதாத கட்டத்தில்
இயேசு கையெழுத்துப் போட்டிருப்பார்,
உனக்கும் சேர்த்து, என்றாளாம் கிருபாவதி.
அன்றைக்குத்தான் அழுதார்,
போர்வையை வாயில் திணித்துக்கொண்டு.
வார்டே விழித்துவிட்டது.

ஞானஸ்நானம் காசிமேட்டுக் கடலில்.
அலை இரண்டு தரம் உருட்டிவிட்டதாம்,
மூன்றாம் தரம் சபையே பிடித்துக்கொண்டதாம்.
பேர் மாற்றவில்லை.
“ஆண்டவருக்கு இந்தப் பேர்லதான்
என் கணக்கு தெரியும்.”

இப்போது தினமும் வருகிறார்
ரப்பர் செருப்பைத் தேய்த்தபடி.
ஆளில்லாமல் வருகிறவர்களின் சீட்டு
அவர் பக்கம் நகர்கிறது.
அண்ணன். மாமா. சித்தப்பா.
போன மாதம் ஒரு திருநங்கைக்கு, அப்பா.
விதிப்படி தப்பு. எழுதவிடுகிறேன்.
கஞ்சி வாங்குகிறார், மூத்திரப்பை மாற்றுகிறார்,
மூச்சு இழுக்கிறவர்களின் காதில்
ஏதோ ஒரு சங்கீதத்தைத்
தப்புத்தப்பாய்ச் சொல்கிறார்.

மகள் எண்ணூரில்.
சனிக்கிழமைகளில் என் போனை வாங்கிக்கொண்டு
மாடிப்படியடிக்குப் போவார்.
குரல் கேட்டதும் வைத்துவிடுவாள்,
பதினோரு மாதமாக.

போன வாரம் வைக்கவில்லை.
பேசவுமில்லை.
குக்கர் விசில் கேட்டதாம்.
“மூணு சார், எண்ணினேன்” என்றார்,
அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டியபடி.