நாக்கு இருக்க வேண்டிய இடம்

காதில்தான் வலி என்று முதலில் நினைத்தேன்.
காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து
படு சுத்தம் என்றார், வீட்டைப் பாராட்டுவதுபோல.
பல் மருத்துவர் கடைவாயில் ஒவ்வொன்றாகத் தட்டினார்.
எந்தப் பல்லும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

குவோபியோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஏரி இருட்டிவிடுகிறது.
அவசர அழைப்பு மையத்தில் எனக்கு ஆறாம் மேசை.
ஹெட்போனுக்கு அந்தப் பக்கம்
எரிகிறார்கள், மூழ்குகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.
இந்தப் பக்கம் என் குரல் ஆடக்கூடாது.
"முகவரி சொல்லுங்கள். கதவைத் திறந்து வையுங்கள்.
நான் இங்கேயே இருக்கிறேன்."
பிறகு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
கேட்க வந்ததை மென்று விழுங்கிவிட்டு
அடுத்த பொத்தான்.

பல்லைக் கடித்துக்கொள், பழகிவிடும் என்றார்
முதல் நாள் மேற்பார்வையாளர்.
பதினோரு வருடம் சொன்னபடி கேட்டிருக்கிறேன்.

ஒரு காலை ரொட்டிக்கு வாயைத் திறந்தேன்.
பாதி வழியில் டக்.
இரண்டு விரல் அகலம்; அதற்குமேல்
தாடை சம்மதிக்கவில்லை.
ரை மாவு ஓட்டுக்குள் மீனை வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பண்டத்தில்
ஓட்டை யோர்மா தின்றான்,
உள்ளிருந்த மீனை நான் ஸ்பூனால் வழித்தேன்.
"தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாய்" என்றான்.
எத்தனை நாளாக?
"ஏப்ரலிலிருந்து. ஏரி உடைந்த வாரம்."
எனக்குத் தெரியும் அது எந்த வாரம் என்று.

பிசியோதெரபிஸ்ட் தென்ஹுனென்
கையுறை விரலைக் கன்னத்துக்குள் விட்டு
ஓரிடத்தில் அழுத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.
பிளாஸ்டிக் மண்டையோட்டை எடுத்துக் காட்டினார்:
காதுக்கு முன்னால் கீல், நடுவே குருத்தெலும்பு வட்டு,
அது நழுவித் திரும்பும்போதுதான் அந்த டக்.
உடைந்துவிட்டதா?
"இல்லை. ஓய்வே கொடுக்கவில்லை நீங்கள்.
இப்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன?"
வாயில், என்றேன்.
"ஒன்றையொன்று தொட்டுக்கொண்டா?"
ஆமாம்.
"தொட வேண்டியதே இல்லை,
மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர."

நாற்பத்தாறு வயது. வாயை மூடுவதென்றால்
பல்லையும் மூடுவது என்றிருந்தேன்.

உதடு சேர்ந்திருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும்,
நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால்
சும்மா கிடக்கட்டும்.
வெந்நீர்த் துணி. குழைந்த கஞ்சி.
கொட்டாவி வந்தால் மோவாய்க்கு முஷ்டியை முட்டுக் கொடு.
ராத்திரிக்கு அச்செடுத்துச் செய்த தட்டு,
காலையில் அதில் என் கடியின் தடம்.

திரையோரத்தில் ஒரு நீலப் பொட்டு ஒட்டினேன்.
பார்க்கும்போதெல்லாம் பல்லை விடு.
என்ன அது என்றாள் ஹென்னா. சொன்னேன்.
மறுவாரம் அவள் திரையிலும் ஒன்று இருந்தது.

குணமாகிவிட்டதா என்றால், இல்லை.
இரண்டரை விரல். குளிர் அதிகமானால் இரண்டு.
ஆப்பிளைச் சீவித்தான் தின்கிறேன்.

சனிக்கிழமை சவுனாவில்
யோர்மா கல்லின்மேல் தண்ணீர் விட்டான்.
ஆவி முகத்தில் அடிக்க, தாடை தானாகத் தொங்கிற்று.
ஏப்ரலில் ஒரு பெண் கூப்பிட்டாள், என்று ஆரம்பித்தேன்.
டக்கென்றது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.
பனிக்கட்டியின்மேல் நின்றுகொண்டு, என்றேன்.