காற்று வரும் வழி

சித்திரை இரண்டாம் ஞாயிறு. தண்டர் பேயில்
கராஜ் வாசலில் மட்டும் இன்னும் ஒரு திட்டுப் பனி,
ஊத்தை நிறத்தில்,
எழும்பிப் போக மனமில்லாத விருந்தாளி.

போர்வையை இழுத்தேன்.
எழுபத்தொன்பதாம் ஆண்டு யமஹா.
ஐந்து மாத நித்திரை.

இதை எனக்கு விற்றவர் பெயர் தொய்வோ,
பின்லாந்து வழி. தானியக் கிடங்கில் முப்பது வருசம்.
அவர் பாஷையில் அதற்கு நம்பிக்கை என்று பொருளாம்.
என் பாஷையில் எப்படிக் கேட்கும் என்று
நான் சொல்லவில்லை.
பேரம் முடிந்திருக்கவில்லை.

உதைத்தேன்.
ஒரு இருமல்கூட இல்லை.
இருபதாவது உதையில்
என் வலது முழங்கால்தான் சத்தம் போட்டது.

பற்றரி பன்னிரண்டு புள்ளி நான்கு. குறையில்லை.
குளிர் முழுக்க அதை நிலவறையில்
அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
அதுபற்றி வதனி சொன்னவற்றை இங்கே எழுத ஏலாது.

பழைய பெற்றோலை வடித்தேன்,
வார்னிஷ் மணம், தேநீர் நிறம்.
புதிது ஊற்றினேன்.
கார்புரேட்டரின் ஊசித்துளைக்குள்
ஒரு கிட்டார்க் கம்பியை விட்டு எடுத்து
வாசலுக்கு நேரே பிடித்தேன்:
துளைக்குள் ஒரு பொட்டு வானம்.

பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல் சாய்த்து
விளக்கை அணைத்து, கதவை இறக்கி, உதைத்தேன்.
நீலம்.
சின்னதாய், கோபமாய்.

நெருப்பு இருக்கிறது. பெற்றோல் இருக்கிறது.
பிளக்கின் முனை கறுப்பு, ஈரம்.
குடித்திருக்கிறது,
மூச்செடுக்கவில்லை.

பக்க மூடியில் இரண்டு திருகாணி.
காற்றுப் பெட்டி.
உள்ளே சிவப்பு.

வதனியின் கையுறை.
கார்த்திகையில் இரண்டு நாள்
கதை பேச்சில்லாமல் இருந்தோமே, அந்தக் கையுறை.
நீங்கள்தான் எங்கேயோ போட்டிட்டியள் என்றாள்.
தொடவே இல்லை என்றேன்.
மற்றது இன்னும் அவள் இழுப்பறையில்,
வழக்கு முடியாத சாட்சியாக.

நூல் நூலாய்ப் பிரித்து
வடிகட்டியின் பஞ்சும் பிய்த்துச் சேர்த்து
கிண்ணம் போல் முடைந்து,
விளிம்பில் மூன்று சம்பா அரிசி.
நடுவில்,
கண் திறவாத இளஞ்சிவப்புத் துணுக்குகள்
ஒன்றன் மேல் ஒன்றாய்.
ஐந்து. இல்லை, ஆறு.

காலையிலிருந்து
இதுகளின் வீட்டை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தொய்வோவுக்கு அழைத்தேன்.
எலியா, வெளியே கொட்டு, உதை என்றார்.
கொஞ்சம் பொறுத்து
எத்தனை என்று கேட்டார்.

வதனி வந்தாள், மா ஒட்டிய கையோடு.
குனிந்து பார்த்தாள், வெகுநேரம்.
ஐந்து மாதமாய் நான் காத்திருந்த வசனம்
தொண்டை வரை வந்தது.
பாத்தியா, நான் தொடேல்லை.
நெருப்பு இருந்தது, பெற்றோல் இருந்தது.
பத்தவில்லை.

"எத்தினை நாளிலை போகுங்கள்?"
"மூண்டு கிழமை ஆகும்."
"அரிசி மூட்டையை மேலை தூக்கி வையுங்கோ."
போய்விட்டாள்.

மூடியைப் பழையபடி பொருத்தினேன்,
திருகாணிகளை விரலால் மட்டும் முடுக்கி,
தாய் வந்த வழி எதுவோ அதை அடைக்காமல்.

பதின்மூன்று பாகை. காற்றில்லை. தெரு காய்ந்து கிடந்தது.
ஆர்தர் தெருவில் யாரோ ஒருவருடைய வண்டி,
இந்த வருசத்தின் முதல் வண்டி,
மூன்றாவது கியருக்கு மாறி
ஏரிப் பக்கம் போனது.