ஐந்து நாற்பது

நாகலங்குடி பேரூராட்சியின் நீளம் எவ்வளவு என்று கேட்டால்
நான் நிமிடத்தில்தான் சொல்வேன்.
தொட்டியடியில் முதல் வால்வைத் திறப்பது
காலை ஐந்து நாற்பது.
கடைத்தெருவுக்கு இரண்டு நிமிடம்.
பள்ளிவாசல் தெருவில் ஹபீபா பீவி வீட்டுக் குழாய்
இருமி, துப்பி, பிறகு பேச ஆறு நிமிடம்.
நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதினொன்று.
மூட்டை மேல் படுத்திருக்கும் லோடுமேன்கள்
எழுந்து முகம் கழுவுவார்கள்.
கோரையாற்றுப் பாலம் தாண்டி
பன்னிரண்டாம் வார்டுக்கு
நாற்பது நிமிடம் என்று பதிவேட்டில் இருக்கிறது.
பதிவேட்டை எழுதுவது நான்.

கோப்பில் இருக்கும் ஊர் வேறு.
மக்கள்தொகை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
தெருவிளக்கு நானூற்றுப் பதினேழு,
அதில் எரிவது எத்தனை என்ற பத்தி காலி.
வடக்கே ரயில் பாதை. தெற்கே 'புன்னை மரம்'.
மரம் கஜா புயலில் போய்விட்டது.
எல்லை மட்டும் அங்கேயே நிற்கிறது.

மேடு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குச்
சுடுகாட்டுத் திடல் ஒன்றுதான்.
மற்றதெல்லாம் தோசைக்கல்.
மட்டக்கருவி தூக்கிவந்த பையன்
முதல் வார்டுக்கும் கடைசி வார்டுக்கும்
ஒன்றரைச் சாண்தான் வித்தியாசம்,
அதுவும் தண்ணீர் போகும் பக்கம்தான் பள்ளம் என்று
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.
அந்தத் தாளும் கோப்பில் இருக்கிறது.

ஆடி பிறந்தால் தலைவர் குஞ்சிதபாதம்
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
திருவாரூருக்கு வண்டி எடுப்பார்.
"கடைமடைங்க ஐயா, கடைமடை.
மேட்டூர்ல தொறந்து மாசம் ஆவுது.
மேல இருக்கிறவங்க குடிச்சிட்டு
மிச்சத்தைத்தான் விடுறாங்க."
சொல்லும்போது குரல் உடையும். நடிப்பில்லை.
அவருடைய எட்டு மாவும் வெடித்துத்தான் கிடக்கிறது.

அதையே, ஒரு சொல் மாற்றாமல்,
மன்றத்தில் சித்திரவள்ளி சொன்னாள்.
பன்னிரண்டாம் வார்டு உறுப்பினர்.
நாற்று பறித்துவிட்டு நேராக வந்திருந்தாள்.
மேசைக்கடியில் காலிலிருந்து சேறு
காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
"மேல இருக்கிறவங்க குடிச்சிட்டு
மிச்சத்தைத்தான் விடுறாங்க.
ஒரு வாரம் எங்ககிட்டேர்ந்து தொறந்து பாருங்க."

யாரோ சிரித்தார்கள்.
தலைவர் சிரிக்கவில்லை. டீ ஆறிவிட்டது என்றார்.
செயல் அலுவலர் நாமக்கல்காரர், புதிது.
கடைமடை என்றால் என்ன என்று கேட்டார்.
பதினோரு பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள்.

பொருள் எண் ஒன்பது:
மன்றம் விவாதித்தது. ஒத்திவைக்கப்படுகிறது.

வியாழக்கிழமை நான் செய்ததற்கு
நியாயம் ஒன்றும் தயாராக வைத்திருக்கவில்லை.
சாவி கையில் இருந்தது, அவ்வளவுதான்.
பதினொன்றையும் இறுக்கினேன்.
பன்னிரண்டைத் திறந்தேன். ஐந்து நாற்பது.

சைக்கிளில் பாலம் ஏறும்போதே சத்தம் கேட்டது.
நாற்பது நிமிட வார்டுக்கு
நாலே நிமிடத்தில் போயிருக்கிறது தண்ணீர்.
குழாயடியில் ஒரு குடம்கூட இல்லை.
அந்த நேரத்தில் வரும் என்று
அங்கே யாருக்குத் தெரியும்?
முதலில் துரு. பிறகு டீ நிறம்.
பிறகு கண்ணாடிபோல, என் மணிக்கட்டுத் தடிமனில்,
தெருவில் ஓடி, வாய்க்காலில் விழுந்து,
ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு
கடலுக்குப் புறப்பட்டது.
ஒரு நாய் குடித்தது.
வேப்பங்குச்சியோடு வெளியே வந்த மூக்கையன்
"கொழா ஒடஞ்சு போச்சு,
ஆபீசுல போய்ச் சொல்லுங்கப்பா" என்று
என்னிடமே கத்தினான்.

மெமோ வந்திருக்கிறது.
மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.
கைப்பிசகு என்று எழுதலாம்.
எந்த நாளைச் சொல்கிறாய் என்று
அவர்கள் கேட்காமல் இருந்தால் சரி.