பனி தள்ள வேண்டாத பாதி

மூன்றரை மணிக்கு லாரியை எடுத்தேன்.
நாஷுவாவில் பதினோரு அங்குலப் பனி.
டார்வெல் கம்ப்யூட்டர் கம்பெனியின் கார் நிறுத்துமிடம்
ஒன்பதாவது குளிர்காலமாக என் பொறுப்பு.

இந்த வருட ஒப்பந்தத்தோடு ஒரு வரைபடம் வந்தது.
வடக்குப் பாதியைச் சிவப்பில் அடித்து
'இங்கே தள்ள வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள்.
முன்னூற்றுப் பத்து கார் நிற்கும் இடம்.

மைத்துனன் ஆர்மண்ட் விடுவதாயில்லை.
நாற்பத்தொரு டாலர் விற்ற பங்கு
இன்றைக்கு மூன்று டாலர் பத்து சென்ட்;
கம்பெனியின் ரொக்கத்தை மட்டும் பங்கிட்டாலே
தலைக்கு நாலு டாலர் தேறுமாம்.
"நாலு டாலரை மூணுக்கு விற்கிறான், ரெனே.
படுத்தாலும் யானை குதிரை மட்டம்."

படுத்தது மூச்சு விடுகிறதா என்றுதான்
நான் பார்க்கிறேன்.
காலாண்டுக்கு அறுபது சென்ட் கரைகிறது
என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

படகை விற்ற ஆறாயிரம் வங்கியில் கிடக்கிறது.
லொரெட் தொடு என்றும் சொல்லவில்லை, தொடாதே என்றும்.
"தினம் அங்கேதானே போகிறாய், உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்தது:
இரவு ஷிப்ட்காரர்கள் சிகரெட் பிடிக்கும் கதவருகே
நான் வருமுன் பனி மிதிபட்டுச் சேறாகியிருக்கும்.
இப்போது ஒரே ஒரு காலடி வரிசை,
காவலாளி வோய்சிக்குடையது, ஒரு காலை இழுத்து.
சரக்கறையில் பெட்டிகள் ஜன்னலை மறைத்துவிட்டன.
'இருப்பு வலுவாக உள்ளது' என்கிறது தலைவரின் கடிதம்.

நேற்றிரவு மகனின் டார்வெல்லில்
கணக்குப் போட உட்கார்ந்தேன்.
மூன்றாவது கூட்டலில் மின்விசிறி அலறியது.
திரை உறைந்தது.
மிச்சத்தை மளிகை ரசீதின் பின்னால் போட்டேன்.

ஏரியில் நாலு அங்குலம் உறைந்திருந்தால் ஆள் நடக்கலாம்.
துளை போட்டு, அளந்து, பிறகுதான் கால் வைப்போம்.
இதில் எங்கே துளை போடுவது?

என் கண்ணையும் நம்பமுடியாது.
எதிர்ப்பக்கத்து வால்வு கம்பெனி முடிந்தது என்று
நான்தான் சத்தியம் செய்தேன்.
அது பதினெட்டு மடங்கு ஏறியது.
ஆர்மண்ட் அந்தக் காசில் போட்ட கூரைக்குக் கீழேதான்
வருடா வருடம் கிறிஸ்துமஸ் சாப்பிடுகிறேன்,
பேசாமல்.

விடிய இன்னும் நேரமிருந்தது.
யாரும் காசு தராத வடக்குப் பாதியில்
பிளேடை இறக்கி ஒரே ஒரு தடவை ஓட்டினேன்.
விளக்கொளியில் கீழே
மஞ்சள் கோடுகள். புதுசு.
இந்த இலையுதிர் காலத்தில் அடித்தவை,
முன்னூற்றுப் பத்து காருக்கும்.

இறங்கிப் போய்க் கையுறையால் துடைத்துப் பார்த்தேன்.
நம்பிக்கையா,
ரத்து செய்ய மறந்த வேலையா?

ஆறு மணிக்கு ஆர்மண்டின் போன்.
"என்ன முடிவு?"
"கோடு போட்டிருக்கிறார்கள்."
"அப்போ வாங்கலாம்!"
"இரு. அந்தப் பெயின்ட்காரனுக்குக்
கூலி வந்துவிட்டதா என்று
கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."