ஆரஞ்சுத் தோல்

ரூஸ்தவியில் ஜனவரி. ஷெட்டுக்குள் குரா நதிக் குளிர்,
கடல் தாண்டி வந்த, அடிபட்ட கறுப்பு கார்.
நேற்று பெயிண்ட் அடித்த கதவில்
ட்யூப்லைட் நேராக விழவில்லை,
புழுவாய் நெளிகிறது.

சோப்புத் தண்ணீர். ரப்பர் கட்டை.
ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் தாள்.
மக்வாலா தேய்க்கத் தேய்க்கக்
கதவிலிருந்து பால் வடிகிறது.
மினுக்கம் செத்துச் சாம்பல் பூக்கிறது.
கணக்கு எழுதும் ஜும்பர் எட்டிப் பார்த்து
‘கெடுத்துவிட்டாயே’ என்கிறான்.
அவள் மாண்டரின் ஒன்றை உரித்துத்
தோலை மட்டும் அவன் மேல் எறிகிறாள்.

விளிம்பெல்லாம் டேப்; அங்கே பூச்சு
வெங்காயச் சருகளவு.
இரண்டாயிரம். மூவாயிரம்.
பிறகு மெஷின், கம்பளி வட்டு, ஒரு விரல் பாலிஷ்.
கதவு சூடேறுகிறது, கன்னம் போல.

துடைத்தாள்.
விளக்கு இப்போது நூல் பிடித்த கோடு.
கைப்பிடிக்குக் கீழே மட்டும்
ஒரு சாண் தூரம்
அந்தக் கோடு மெல்லத் தொய்கிறது.
பட்டி பார்த்த இடம்.
எந்த நாட்டுச் சாலையிலோ நடந்தது
இதுவரை தோலுக்குள் ஒளிந்திருந்தது.

வாங்குகிறவன் ஒன்பது மணிக்கு வருவான்.
ஜும்பர் விளக்கை அணைக்கப் போகிறான்.
‘இருக்கட்டும்’ என்கிறாள்,
குனிந்து பார்த்தபடியே.