திகதி

கமராவின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன பெட்டரி
எப்போதோ செத்துவிட்டது.
பெரிய பெட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டு மாட்டினால்
புதிதாகப் பிறந்ததுபோல் கண்விழித்து
இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி ஒன்று, நள்ளிரவு என்கும்.
யோகராணி குவைத்திலிருந்து கொண்டுவந்தது.
மூடிக்கு ரப்பர் பேண்ட்.

லெப்டொப்பும் அந்த இனம்தான்.
ஹட்டனில் திலக்சன் தட்டிப் பார்த்து
"வின்டோஸ் போட்டா மூச்சு முட்டிரும்க்கா,
லினக்ஸ் போட்டுத் தாறேன், அதுக்குக் காசில்ல" என்றான்.
காசில்லை என்று தருவதில் ஏதோ இருக்கும் என்ற
பழைய சந்தேகத்தோடு
மஸ்கெலியா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நான் படம் எடுத்தது ஒரு சுவரை.
ஆறாம் நம்பர் லயம், எங்கள் காம்பராவின் பின்சுவர்.
ஜன்னல் மூலையில் தொடங்கிய பிளவு
முருகன் படத்தைச் சுற்றிக்கொண்டு
தரைக்கு இறங்கியிருந்தது.
ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து
காலைப் பிரட்டுக்கு முன் தினம் ஒரு படம்.
முதல் நாள் அளவுக்கு ஒரு தீக்குச்சி செருகினேன், இறுக்கமாக நின்றது.
முப்பத்தோராம் நாள் தீப்பெட்டியே நுழைந்து
அந்தப் பக்கம் கானுக்குள் விழுந்தது.

கேபிளைச் செருகினேன். திரை சொன்னது:
இந்தச் சாதனத்துக்கு உரிமைகோர முடியவில்லை,
ஏற்கெனவே வேறொருவர் பிடித்திருக்கிறார்.
இதே வசனத்தைத் தோட்ட ஆபிசில்
வாய்மொழியாகக் கேட்டிருக்கிறேன்.

"அக்கா, அது வேற ஆளில்ல, உங்க மெசின்தான்.
ஒத்தாசை செய்றேன்னு ஒரு புரோகிராம் முந்திக்கிட்டு
கமராவக் கையில வச்சிருக்கு. அதக் கொன்னுருங்க."
போனில் அவன் சொல்லச் சொல்ல
எழுத்துக் கூட்டிக் கொன்றேன்.
திரையில் ஒன்றும் வரவில்லை.
காரியம் நடந்தால் இது பேசாதாம்,
நடக்காவிட்டால்தான் பேச்சு.
அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போனது.

முப்பத்தொரு படம் இறங்கின.

பிரதேச செயலகத்தில் விக்கிரமரச்சி நல்ல மனுசன்,
முடிந்தவரை தமிழில் பேசினார்.
பென் டிரைவைத் திறந்து, படத்தைப் பெருப்பித்து,
ஓரத்தில் எதையோ அழுத்தினார்.
"நங்கி, இது இரண்டாயிரத்து ஐந்து.
இந்த மழைக்கான படிவத்துக்கு இது சரிவராதே."
முப்பத்தொரு காலையும்
ஒரே நள்ளிரவில் வரிசையாய் நின்றன.
ஒரே இரவில் எங்கள் சுவர்
குச்சியிலிருந்து பெட்டிவரை திறந்திருந்தது.

திகதியைத் திருத்த ஒரு வரி போதுமாம்.
திலக்சன் அனுப்பினான்.
எந்தத் திகதியும் போடலாம், அது ஏன் என்று கேட்காது.
உண்மையைத் தட்டும்போதும்
கள்ளக் கையெழுத்துப் போடுவதுபோல் விரல் கூசியது.
பிள்ளைக் காம்பராப் பால்மாக் கொப்பியின் ஓரத்தில்
நாள்தோறும் மழை, மழை, மழை என்று கிறுக்கியிருந்தேன்.
அதுதான் சாட்சி.
அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினேன்.

கடைசியாக, முதல் படம்.
தீக்குச்சி சரியாகத் தெரிகிறதா என்று பெருப்பித்தேன்.
உரிந்த சுண்ணாம்புக்கு அடியில்
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு:
பழைய சீமெந்து.
அப்பா கரண்டியால் அடைத்தார்,
நான் டோர்ச் பிடித்தேன்.
அப்போது எனக்கு ஏழு வயது.
அடுத்த வருசம் வீடு வரும், அதுவரைக்கும்தான் என்றார்.
அந்த வருசத்தை
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

முப்பது கோப்புகள் மாற்றப்பட்டன என்றது திரை.
விட்டுவைத்த ஒன்றைப் பற்றி
எதுவும் கேட்கவில்லை.

விடிந்ததும் கானில் கைவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன்.
ஊறிப் பிரிந்திருந்தது.
கமராவில் பெட்டரியைப் போட்டேன்.
திகதி? என்றது.
சுவருக்கு அந்தப் பக்கம்
மண் ஒரு கூடையளவு சரிகிற சத்தம் கேட்டது.
அதை அப்படியே விட்டுவிட்டுப்
படத்தை எடுத்தேன்.