பிழைதிருத்தம்

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நாங்கள் நாற்பத்தொரு பேர்.
எண்ணியது நானல்ல,
எங்களைப் படம் பிடித்த சிவில் உடுப்புக்காரர்.
விரல் நீட்டி, சிங்களத்தில், வாய்விட்டு எண்ணினார்.
எங்கள் குடைக்கு வந்ததும் தடுமாறிக் குனிந்து பார்த்தார்
கீழே நிற்பது ஒருத்தியா இரண்டு பேரா என்று.

இரண்டு பேர்.
நான், அச்சகமொன்றில் இருபத்தாறு வருடமாக ஒப்புநோக்குநர்.
மற்றது நுஸ்லா, பம்பலப்பிட்டியில் பார்மசியில் நிற்பவள்.
தம்பியைக் கொண்டுபோய்ப் பதினேழு நாள்.
எந்த ஸ்டேஷன் என்று கேட்டால்
அடுத்த ஸ்டேஷனைக் காட்டுகிறார்கள்.
அட்டையில் அவன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள்.
இம்தாத்.
கோஷம் ஒண்டும் வேண்டாமா என்றேன்.
வேறென்ன இருக்கு, என்றாள்.

மூன்றே காலுக்குப் பெரியவர் ஒலிபெருக்கியில்
நீதவானின் தடையுத்தரவை வாசித்தார்.
தமிழில் கேட்டேன். தந்தார்கள், அதில் குறை சொல்லக்கூடாது,
ஒரு தாள், மழை பட்ட போட்டோப் பிரதி.
முதலாம் பிரதிவாதி: யோகநாய்கி.
புள்ளி. ய-வின் தலையில் ஒரேயொரு புள்ளி
போதும், நாயகி நாயாக.
சேர், இது நானில்லை, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை. நுஸ்லா சிரித்துவிட்டாள்.
அன்றைய கடைசிச் சிரிப்பு அதுதான்
என்று எழுதினால் நன்றாயிருக்கும், ஆனால் பொய்.

பிறகு நடந்ததை நீங்கள் போனில் பார்த்திருப்பீர்கள்.
போனில் தெரியாதது: அந்தத் தண்ணீர் நாறும்,
வெயில் காலத்துப் பேரை வாவி போல.
முழங்காலில் இருந்த பல் வைத்தியர் ஒருவரை
அது உருட்டிக்கொண்டு போய்
பஸ் தரிப்பிடத்துக் கம்பியில் சாத்திவிட்டது.
புகைக்குண்டு விழுந்தது. கடற்காற்று திரும்பியது.
அடித்தவர்களும் இருமினார்கள்.
கேடயத்தை நிலத்தில் வைத்துவிட்டுக்
கண்ணைக் கசக்கிய பொடியனுக்கு இருபது இருக்குமா,
நுஸ்லா தன் போத்தலை நீட்டினாள்.
வாங்கிக் கழுவினான்.
மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தான்.
கொடுத்துவிட்டு, ஸ்கார்ஃபோடு சேர்த்து
அவள் முடியைப் பிடித்தான்.

நாங்கள் நடைபாதையில் இருந்தோம்.
இதை மூன்று தரம் சொன்னேன்.

ஏற்றிய பஸ்ஸின் பலகை மொறட்டுவை என்றது.
போனது அங்கேயில்லை.
பின்சீட்டிலிருந்து பியதிலக டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார்,
நெற்றியில் ரத்தத்தோடு.
எல்லோரும் சிரித்தோம். பயத்துக்கு வேறு பாவனை தெரியவில்லை.

ஸ்டேஷன் சுவரில் என் மொழியில் ஒரு பலகை:
பொலிசார் பொதுமக்களின் நன்பர்கள்.
நட்பில் ஒரு சுழி குறைகிறது.
கை தானாகவே பென்சிலைத் தேடியது.
பென்சில் அவர்களிடம்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது.
தவறு செய்துவிட்டேன் என்பதற்கும்
தப்பி உயிரோடிருக்கிறேன் என்பதற்கும்
பிழைத்தேன் என்ற ஒரு சொல் போதும்.
என் வாக்குமூலத்தை அதோடு முடிக்கச் சொன்னேன்.
தமிழ் எழுதத் தெரிந்த சார்ஜன்ட் லீவில்,
திங்கட்கிழமைதான் வருவாராம்.

சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்: வீதியை மறித்தோம்.
வீதியில்லை, நடைபாதை. திருத்தினால் கையெழுத்து, என்றேன்.
கையெழுத்து வைத்தால் திருத்தம், என்றார்கள்.
மின்விசிறி ஒன்று, நுளம்பு கணக்கில்லை,
பதினொன்றரை மட்டும் அப்படியே இருந்தோம்.

விடியப்புறம் சான்றுப்பொருள் பட்டியலை வாசித்தார்கள்.
குடை ஒன்று, கம்பி முறிந்தது.
செருப்பு ஒன்பது, ஒன்றுக்கொன்று சோடியில்லை.
சிவப்புப் பென்சில் ஒன்று.
அட்டை ஒன்று, எதுவும் எழுதப்படாதது.

நுஸ்லா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிய.
பீச்சியடித்த தண்ணீரில் மை போய்விட்டது, அவ்வளவுதான்.

ஐயா,
கடைசி வரியில் பிழை இருக்கிறது.
எதுவும் எழுதப்படாதது என்பதை
இம்தாத்
என்று திருத்திக்கொள்ளவும்.